திம்னாவின் விசாரணை: பஞ்சதந்திரத்தில் இல்லாத ஓர் அத்தியாயம்

பஞ்சதந்திரம் உலகைச் சுற்றி வந்த வரலாறு நம் மேடைகளில் அடிக்கடி எடுத்துரைக்கப்படுவது. இந்தியத் தொன்மையின் பெருமை பேசுவோர் 'நாம் கொடுத்தோம்' என்பர். இஸ்லாமிய நாகரிகத்தின் பெருமை பேசுவோர் 'நாம் காத்து உலகுக்கு வழங்கினோம்' என்பர். இரண்டும் உண்மையே. ஆயினும் இவ்விரு பேச்சிலும் அந்நூல், வணிகர் ஒருவர் கட்டிக்கொடுக்க மற்றொருவர் அவிழ்க்காமலே சுமந்து சென்ற பொதியைப் போலவே தோற்றமளிக்கிறது. சுமந்து சென்றவர்கள் வழியில் அதைப் பிரித்துப் படித்தார்கள், படித்தபோது ஓரிடத்தில் மனம் ஒப்பாமல் நின்றார்கள், நின்ற இடத்தில் தாமே ஓர் அத்தியாயத்தை எழுதிச் சேர்த்தார்கள் என்ற செய்தி பெருமைப் பேச்சில் இடம்பெறுவதில்லை. நாம் இங்கு எடுத்துக்கொள்வது அந்த அத்தியாயத்தைத்தான்.

பயணத்தின் வழித்தடத்தைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசர் குஸ்ரூ நூஷிர்வானின் காலத்தில், பர்ஸூயா என்னும் மருத்துவர் இந்தியா வந்து இக்கதைகளைப் பஹ்லவி மொழிக்குக் கொண்டு சென்றார். இறந்தோரை எழுப்பும் மூலிகையைத் தேடி வந்தவர் இறுதியில் இந்நூலையே அம்மூலிகையாகக் கண்டார் என ஃபிர்தௌஸியின் ஷாநாமா அவ்வரலாற்றைக் கதையாக்கிக் கூறுகிறது. அந்தப் பஹ்லவி நூல் இன்று இல்லை. அதிலிருந்து அந்நூற்றாண்டிலேயே செய்யப்பட்ட சிரியாக் மொழிபெயர்ப்பு ஒன்றும், கி.பி. 750-ஐ ஒட்டி அப்துல்லாஹ் இப்னுல் முகஃப்பா செய்த அரபு மொழிபெயர்ப்பும் எஞ்சின. சமஸ்கிருதத்தின் கரடகனும் தமனகனும் அரபியில் கலீலாவாகவும் திம்னாவாகவும் ஆனார்கள். அவர்களின் பெயரே நூலின் பெயராயிற்று. 1251-இல் ஸ்பானியத்துக்கும், அதே நூற்றாண்டில் ஹீப்ரு வழியாக லத்தீனுக்கும், 1570-இல் ஆங்கிலத்துக்கும் சென்றதெல்லாம் இந்த அரபுக் கிளையின் தளிர்களே. 1678-இல் தம் இரண்டாம் கதைத் தொகுதியை வெளியிட்ட பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேன், இந்திய ஞானி பில்பாய்க்குத் தாம் பட்ட கடனை முன்னுரையில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

நூலின் முதற்பகுதியான மித்திரபேதத்தின் கதையை நம் வாசகர்கள் அறிவார்கள். எனினும் நம் வாதம் அதன் ஒரு நுட்பத்தைப் பற்றியே நிற்பதால் அதைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. வணிகன் ஒருவன் வழியில் விட்டுச் சென்ற சஞ்சீவகன் என்னும் எருது காட்டில் தேறிக் கொழுத்து முழங்குகிறது. அம்முழக்கத்தைக் கேட்டுப் பிங்களகன் என்னும் சிங்க அரசன் உள்ளூர நடுங்குகிறான். தமனகன் என்னும் நரி அச்சத்தின் காரணத்தைக் கண்டறிந்து எருதை அரசனிடம் அழைத்து வருகிறது. சிங்கமும் எருதும் பிரியா நண்பர்களாகின்றன. அந்நட்பில் தனக்கு இடமில்லை என்று கண்ட நரி இருவரையும் பிரிக்க முனைகிறது.

நரி செய்வது வெறும் கோள்மூட்டல் அன்று. அது முதலில் சிங்கத்திடம் சென்று, எருது உன்னைக் கொல்லக் கருதியிருக்கிறது என்கிறது. சிங்கம் நம்ப மறுக்கிறது. அப்போது நரி ஓர் அடையாளம் சொல்கிறது: அவன் வரும்போது பார், நிறம் மாறியிருக்கும், உடல் நடுங்கும், இடமும் வலமும் நோக்குவான், கொம்பை அசைத்துக் கொண்டிருப்பான். பிறகு எருதிடம் சென்று, அரசன் உன்னைத் தின்னக் கருதியிருக்கிறான் என்கிறது. எருதும் நம்ப மறுக்கிறது. அதற்கும் ஓர் அடையாளம் சொல்லப்படுகிறது: அவன் நெஞ்சு நிமிர்ந்து, காது விறைத்து, வாய் திறந்து உன்னையே நோக்கியிருந்தால் அறிந்துகொள். எருது அஞ்சியபடி வருகிறது. அதன் நடுக்கத்தைச் சிங்கம் காண்கிறது, உடனே நிமிர்கிறது. அந்த நிமிர்வை எருது காண்கிறது. உடனே கொம்பைத் தாழ்த்துகிறது. ஒருவரின் அச்சம் மற்றவருக்குச் சான்றாகிறது. இருவரும் தம் கண்ணால் கண்டார்கள். காதால் கேட்டதைக் கண்ணும் உறுதி செய்தது. இதில் பொய் எங்கே இருக்கிறது என்று சிங்கத்தைக் கேட்டால் அது சொல்ல முடியாது. நரி சொன்ன அடையாளங்கள் அத்தனையும் மெய்யாகவே எருதின் உடலில் இருந்தன.

வதந்தி எவ்வாறு தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன பழங்கதை ஒன்றை நாம் கண்டதில்லை. ஒரு தெருவில் கடைகள் முன்னதாகவே அடைக்கப்படுகின்றன. அதைக் கண்டு அடுத்த தெருவினர் கூடுகிறார்கள். கூடியதைக் கண்டு இவர்கள் கல்லைச் சேர்க்கிறார்கள். மறுநாள் இரு தரப்பாரும் 'நாங்கள் தற்காப்புக்காகவே' என்கிறார்கள், இரு தரப்பாரும் அதை மனமார நம்புகிறார்கள். நம் நாட்டின் கலவரங்களுக்குப் பின் எழுதப்பட்ட விசாரணை அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு இந்த வரிசை புதிதாக இராது.

2018-ஆம் ஆண்டை எண்ணிப் பார்ப்போம். குழந்தை கடத்துவோர் ஊருக்குள் வந்துவிட்டதாகக் கைப்பேசிகளில் செய்தி பரவிய ஆண்டு அது. அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவர் ஊராரால் அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்து ராயின்பாடா என்னும் சிற்றூரில், சந்தை நாளில் பிச்சைக்கு வந்த நாடோடிச் சமூகத்தார் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஒரு சிறுமியிடம் பேச முற்பட்டதே அங்கு அடையாளமாயிற்று. வயோதிகர் குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது இத்தமிழ் மண்ணில் எத்தனை தலைமுறை வழக்கம்! நரி அடையாளத்தை முன்கூட்டிச் சொல்லி வைத்துவிட்டதால் அன்பின் செயலே குற்றத்தின் செயலாகத் தெரிந்தது. அதற்கு மூன்றாண்டு முன், 2015 செப்டம்பரில், உத்தரப் பிரதேசத்துத் தாத்ரி அருகே ஒரு குடும்பத் தலைவர் பசு இறைச்சி வைத்திருந்ததாக எழுந்த வதந்தியால் வீடு புகுந்து கொல்லப்பட்டார். கொலைக்குப் பின் அவ்வீட்டின் இறைச்சி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டது. எருது இறந்த பிறகு எருதின் வயிற்றைச் சோதிக்கும் நீதி அது. 2018 ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம் கும்பல் கொலைகளைத் தடுக்க மாநில அரசுகளுக்கு விரிவான கட்டளைகளைப் பிறப்பித்தது என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். கட்டளை பிறப்பதும் கேள்வி கேட்கும் பழக்கம் பிறப்பதும் வேறு வேறு.

கதைக்குத் திரும்புவோம். சமஸ்கிருத மூலத்தில் இக்கதை எவ்வாறு முடிகிறது? சிங்கம் எருதைக் கொல்கிறது. கொன்ற பின் வருந்துகிறது. தமனகன் அருகில் வந்து, அரசனுக்கு இத்தகைய வருத்தம் ஆகாது என்று தேற்றுகிறது. சிங்கம் தேறுகிறது, தமனகன் அமைச்சனாக நிலைபெறுகிறது. அவ்வளவுதான். குற்றம் செய்தவன் வென்றான்.

இம்முடிவைக் கண்டு நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. இது நீதிநூல் என்று நாம் வழங்கினாலும், இதன் 'நீதி' என்ற சொல் அறத்தைக் குறித்ததன்று, அரசியல் நடத்தையைக் குறித்தது. மந்தபுத்தியுள்ள மூன்று அரசகுமாரர்களை ஆறு மாதத்தில் உலகியல் அறிந்தவர்களாக்குவதாக விஷ்ணுசர்மன் சூளுரைத்ததே நூலின் தோற்றுவாய். அரசகுமாரன் அறிய வேண்டியது, அரண்மனையில் தமனகன்கள் வெல்வார்கள் என்ற உண்மை. அதை மறைக்காமல் சொன்ன நேர்மையை நாம் மதிக்கிறோம். நாம் குறைகூற வேண்டியது பிற்காலச் சிறுவர் பதிப்புகளை. அவற்றுள் பலவற்றில் நரியின் வெற்றி மழுப்பப்பட்டிருக்கும். அடையாளம் சொல்லும் காட்சி ஓரிரு வரியாகச் சுருங்கியிருக்கும். இறுதியில் 'நீதி: தீயோர் நட்பு கேடு தரும்' என்று ஒரு வால் ஒட்டப்பட்டிருக்கும். எருது தீயோருடன் நட்புக் கொள்ளவில்லையே! எருதைக் கொன்றது அதன் நண்பன். இக்கதையில் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி, 'சிங்கம் ஏன் எருதை ஒரு வார்த்தை கேட்கவில்லை?' என்பது. வால் ஒட்டப்பட்ட கதையில் அக்கேள்விக்கு இடமில்லை.

இப்னுல் முகஃப்பா நின்ற இடம் இதுவே. அவருடைய அரபு நூலில் எருதின் கதை முடிந்தவுடன், திம்னாவின் காரியத்தை விசாரித்தல் என்னும் பொருளில் ஒரு புதிய அத்தியாயம் தொடங்குகிறது. சமஸ்கிருத மூலத்தில் இது இல்லை. பஹ்லவியிலிருந்து நேரே வந்த பழைய சிரியாக் மொழிபெயர்ப்பிலும் இல்லை. எனவே இது மொழிபெயர்ப்பாளரே எழுதிச் சேர்த்தது என்பது அறிஞர்களின் துணிபு. நூலில் அவர் கைவைத்ததைப் பழையோரும் அறிந்தே இருந்தனர். அல்பிரூனி தம் இந்திய ஆய்வு நூலில், பஞ்சதந்திரத்தைத் தாமே நேரடியாக மொழிபெயர்க்க விரும்புவதாகவும், இப்னுல் முகஃப்பா பர்ஸூயாவைப் பற்றிய அத்தியாயத்தை உள்நோக்கத்துடன் சேர்த்துவிட்டதாகவும் கடிந்து எழுதுகிறார். அல்பிரூனியின் கண்டிப்பை நாம் மதிக்கிறோம். மூலத்துக்கு உண்மையாய் இருத்தல் அவருக்கு ஓர் அறம். ஆனால் திம்னாவின் விசாரணையைப் படிக்கும்போது, சில நேரங்களில் மூலத்தை மீறுவதற்கும் ஓர் அறம் உண்டோ என்று எண்ணத் தோன்றுகிறது.

விசாரணை தொடங்கும் விதமே கவனிக்கத் தக்கது. சிங்கத்தின் நெருங்கிய வட்டத்தைச் சேர்ந்த சிறுத்தை ஓரிரவு நரிகளின் இருப்பிடத்தைக் கடந்து போகையில், கலீலா திம்னாவைக் கடிந்துகொள்வதையும் திம்னா செய்த சூழ்ச்சி முழுவதையும் கேட்டுவிடுகிறது. அது அரசனிடம் போகவில்லை. அரசனின் தாயிடம் போய், தன் பெயரை வெளியிடக் கூடாது என்ற உறுதி பெற்றுக்கொண்டு சொல்கிறது. தாய் மகனிடம் சொல்கிறாள். சொன்னவர் யார் என்று மட்டும் சொல்ல மறுக்கிறாள். இப்போது சிங்கத்தின் நிலையைப் பாருங்கள். எருதைப் பற்றி முன்பு ஒருவன் வந்து காதில் சொன்னான். அதை நம்பிக் கொன்றது. திம்னாவைப் பற்றி இப்போது தாய் வந்து காதில் சொல்கிறாள். இந்த முறை சொல்லப்பட்டது உண்மை. ஆனால் அது உண்மை என்பதை அறியச் சிங்கத்துக்கு முன்னைவிட மேலான வழி ஏதும் இல்லை. தாய் சொன்னதை நம்பித் திம்னாவை அக்கணமே கொன்றிருந்தால் கதை முதல் தவறையே மறுமுறை செய்திருக்கும். இப்னுல் முகஃப்பா அவ்வாறு எழுதவில்லை. அவையைக் கூட்டுகிறார், காழியை அமர்த்துகிறார், குற்றம் சாட்டப்பட்டவனுக்குப் பேச வாய்ப்பளிக்கிறார்.

திம்னா பேசுகிறான். நூலின் மிகச் சிறந்த பேச்சுகள் அவனுடையவை. அவையில் எவரும் அறிந்ததைச் சொல்லலாம் என்று அறிவித்தபோது எல்லோரும் வாய்மூடியிருக்க, பன்றிகளின் தலைவன் எழுகிறான். அவன் அரண்மனை உணவுப் பொறுப்பாளன். தனக்குச் சான்று ஏதும் தெரியாது. ஆனால் முகக்குறி நூல் தெரியும் என்கிறான். இடக்கண் வலக்கண்ணை விடச் சிறிதாய் இருத்தல் முதலான இலக்கணங்கள் உடையவன் வஞ்சகன் என்று அறிஞர் கூறியுள்ளனர், அவை அனைத்தும் திம்னாவிடம் உள்ளன என்கிறான். நம் நாட்டில் சாமுத்திரிகா லட்சணம் எனப்பட்டதும் அரபு உலகில் ஃபிராஸா எனப்பட்டதும் அக்காலத்தில் கற்றோர் மதித்த கலைகள் என்பதை மறந்துவிடக் கூடாது. பன்றியின் பேச்சு அன்றைய அவையில் வெறும் உளறலாகக் கொள்ளப்பட்டிராது. திம்னா விடை கூறுகிறான்: முகக்குறியே மனிதரை நல்லவராகவும் தீயவராகவும் ஆக்குமானால், நன்மை செய்தவனுக்கு ஏன் பரிசு, தீமை செய்தவனுக்கு ஏன் தண்டனை? பிறந்த முகத்துக்கு எவர் பொறுப்பு? பிறகு பன்றியின் உடற்குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, உன்னை அரசனின் உணவருகில் விட்டது எவ்வாறு என்று மடக்குகிறான்.

திம்னா குற்றவாளி, வாசகர்களாகிய நாம் அதை அறிவோம். முகக்குறி இங்கே தற்செயலாகச் சரியான ஆளைத்தான் சுட்டியது. அப்படியிருந்தும் அந்த வாதம் தோற்றுப்போகும்படி ஆசிரியர் எழுதியிருக்கிறார். தவறான வழியில் வந்த சரியான முடிவையும் அவர் ஏற்கவில்லை. காழி, அவையோர் வாய் திறக்காவிட்டாலும் எல்லோர் எண்ணமும் நீ குற்றவாளி என்பதே, ஒப்புக்கொண்டுவிடு என்று அறிவுறுத்தும்போதும் திம்னா, எண்ணம் மெய்யாகிவிடாது, நீதிபதிகள் ஐயத்தைக்கொண்டு தீர்ப்பளிப்பதில்லை என்று மறுக்கிறான். இச்சொற்களை ஒரு நிரபராதியின் வாயில் வைத்திருந்தால் அவை வெறும் புலம்பலாகியிருக்கும். குற்றவாளியின் வாயில் வைத்ததால் அவை நெறியாகின்றன. உடையையும் தாடியையும் பெயரையும் கொண்டு ஐயுறப்படுவதைப் பற்றி நாம் மிகுதியாகப் பேசிவருகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் அந்த நெறி நமக்கு உவப்பில்லாதவனுக்கும், நம் மஹல்லாவில் நாம் ஒதுக்கிவைத்தவனுக்கும் உரியது என்பதைத் திம்னாவின் விசாரணை நினைவூட்டுகிறது. செய்தி கொண்டுவருபவன் நம்பத் தகாதவனாயின் தீர விசாரித்துக்கொள்ளுமாறு சூரா அல்ஹுஜுராத் இட்ட கட்டளை, நம்மைப் பற்றிப் பிறர் கொண்டுவரும் செய்திக்கு மட்டும் உரியதென நாம் கருதிக்கொள்கிறோமோ என்ற ஐயம் எமக்கு உண்டு.

இறுதியில் சான்று வருகிறது. துயரத்தால் கலீலா இறந்துவிடுகிறான். ஆனால் அதற்கு முன் அவன் சிறையில் திம்னாவைக் காண வந்து அழுது கடிந்துகொண்டதை, அதே சிறையில் அடைபட்டிருந்த மற்றொரு வேட்டை விலங்கு கேட்டிருக்கிறது. தாயின் வற்புறுத்தலால் சிறுத்தை முன்வந்து சாட்சியம் அளிக்கிறது. அதைக் கேட்டுச் சிறையிலிருந்த விலங்கும் தன்னிடம் சாட்சியம் உண்டென்று சொல்லியனுப்புகிறது. இவ்வளவு நாள் ஏன் பேசவில்லை என்று வினவியபோது, ஒருவர் சாட்சியம் தீர்ப்புக்குப் போதாது என்பதை அறிந்திருந்தேன் என்ற பொருளில் விடை வருகிறது. இரு சாட்சிகள் என்னும் இஸ்லாமிய நீதிமன்ற விதி இந்தியக் காட்டுக்குள் புகுந்து உட்கார்ந்திருப்பதைக் காண்கிறோம். திம்னாவுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்படுகிறது.

இவ்வத்தியாயம் இந்தியாவுக்குத் திரும்பியும் வந்தது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். 12-ஆம் நூற்றாண்டில் கஸ்னவி அரசவையில் நஸ்ருல்லாஹ் முன்ஷி செய்த பாரசீக ஆக்கமும், ஹெராத்தில் ஹுஸைன் வாயிஸ் காஷிஃபி எழுதிய அன்வாரே சுஹைலியும் அதைச் சுமந்து வந்தன. காஷிஃபியின் அணிநடை மிகுதி என்று கருதிய அக்பர், எளிய நடையில் மாற்றி எழுதுமாறு அபுல் ஃபஸ்லைப் பணித்தார். 1588-இல் முடிந்த அந்நூலே இயாரே தானிஷ். அதே அக்பரின் அவையில் முஸ்தஃபா காலிக்தாத் அப்பாஸி சமஸ்கிருதப் பஞ்சாக்கியானத்தை நேரடியாகப் பாரசீகத்தில் பெயர்த்தார். ஆக, திம்னா தண்டிக்கப்பட்ட கதையும் தமனகன் அமைச்சனான கதையும் ஒரே அரண்மனையில் அடுத்தடுத்து இருந்தன. ஆயிரம் ஆண்டுகள் பிரிந்திருந்த இரு உடன்பிறந்தார் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தும் பேசிக்கொள்ளாமல் போனது போல், அவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று பாதிக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் பாரசீகம் பயின்ற வெள்ளை அதிகாரிகளுக்கு அன்வாரே சுஹைலி பாடநூலாயிற்று. சென்னையிலோ தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழாக்கிய பஞ்சதந்திரம் 1826-இல் வெளிவந்து, தலைமுறை தலைமுறையாகத் தமிழர் கையில் வழங்கிற்று. பாரசீகம் படித்தவன் விசாரணையைப் படித்தான். தமிழ் படித்தவனுக்கு அது கிட்டவில்லை. அரபும் பாரசீகமும் ஓதிய நம் முன்னோர் வாழ்ந்த ஊர்களிலும், நம் பிள்ளைகள் இன்று அறிந்திருப்பது விசாரணை இல்லாத கதையைத்தான்.

இவ்வளவு பாராட்டிய பின் நம் மறுப்பையும் சொல்லிவிட வேண்டும். திம்னாவின் விசாரணையில் ஒருவர் மட்டும் விசாரிக்கப்படவே இல்லை. எருதைக் கொன்றது திம்னா அன்று, சிங்கம். கோள் சொன்னவனைத் தண்டித்துவிட்டுக் கோளை நம்பிக் கொன்றவன் அரியணையிலேயே அமர்ந்திருக்கிறான். வருந்துகிறான், உண்மைதான், ஆனால் மூலத்தின் பிங்களகனும் வருந்தவே செய்தான்.

இங்கே தமிழ்க் காப்பியம் ஒன்று குறுக்கே வருகிறது. பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் பகுதியில், குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்த கீரியை அதன் வாயிலிருந்த குருதியைக் கண்டு கொன்றுவிடும் கதை உண்டு. கலீலாவிலும் அது உண்டு. அதே கதை சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் வருகிறது என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். கீரியைக் கொன்ற பார்ப்பனியைக் கணவன் கைவிட்டுச் செல்ல, அவளுடைய பாவம் தீரப் பொருள் வழங்கிக் கணவனோடு சேர்த்துவைத்தவன் கோவலன் என்று மாடலன் நினைவூட்டுகிறான். மதுரையின் புறஞ்சேரியில், கோவலன் நகருக்குள் சிலம்பு விற்கப் போவதற்குச் சற்று முன் இப்பேச்சு நிகழ்கிறது. ஆராயாமல் கொன்றவளுக்கு இரங்கியவன் ஆராயாமல் கொல்லப்படப் போகிறான். கதைகளை எங்கே வைக்க வேண்டும் என்று அறிந்த கவிஞனின் வேலை இது.

பொற்கொல்லன் கோள் சொல்கிறான். பாண்டியன் தேவியின் ஊடல் தீர்க்கும் அவசரத்தில் கட்டளையிடுகிறான். கொலைக்கு வந்த காவலர்கள் கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கள்வனின் இலக்கணம் உடையவன் அல்லன் என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் நகைத்துக் கள்வரின் தந்திரங்களை அடுக்கிச் சொல்கிறான். தோற்றத்தில் நல்லவனாயிருப்பதே கள்ளத்தின் அடையாளமாகிவிடுகிறது. பன்றித் தலைவனின் முகக்குறி குற்றவாளியைச் சுட்டியும் ஏற்கப்படவில்லை. மதுரையில் முகக்குறி நிரபராதியைக் காட்டியும் காப்பாற்றவில்லை. இரு நூல்களும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே முடிவுக்கு வருகின்றன.

ஆனால் சிலம்பு ஓரடி மேலே செல்கிறது. கண்ணகி அவைக்கு வந்தபின் நடக்கும் விசாரணையில் பொற்கொல்லன் கூண்டில் நிற்கவில்லை, அரசன் நிற்கிறான். சான்று உடைக்கப்படுகிறது, முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறிக்கிறது, அரசன் தன்மேல் தானே தீர்ப்புக் கூறி வீழ்கிறான். கொன்றவனை விசாரித்த கதை அது. பின்னர் நகர் எரிந்ததில் குற்றமற்றோர் பட்ட பாட்டைக் காப்பியம் எவ்வளவு தூரம் கருதியது என்பது வேறொரு கட்டுரைக்கு உரியது. அரசனை விசாரிக்கும் துணிவில் அரபு நூலைவிடத் தமிழ்க் காப்பியம் உயர்ந்து நிற்கிறது என்பதைச் சொல்ல நாம் தயங்கவில்லை.

எனினும் இப்னுல் முகஃப்பா ஏன் சிங்கத்தைக் கூண்டில் ஏற்றவில்லை என்பதற்கு அவர் வாழ்க்கையே ஓரளவு விடை தருகிறது. அவர் ஃபார்ஸ் நாட்டுப் பாரசீகர். தந்தை உமையா ஆட்சியில் வரி வசூலிக்கும் அலுவலர். அரசுப் பணத்தைக் கையாடினார் என்ற குற்றச்சாட்டில் சித்திரவதை செய்யப்பட்டு அவர் கை சுருங்கிப்போயிற்று. முகஃப்பா என்ற பெயரே சுருங்கிய கையுடையவர் என்பதைக் குறிப்பது. அக்கையின் பெயரைத் தன் பெயராகச் சுமந்த மகன் அரசவைகளில் எழுத்தராகப் பணிபுரிந்தார். கலீஃபாவுக்கு ஆலோசனையாக எழுதிய ஒரு மடலில், ஒரு நகரின் ஒரு பகுதியில் அனுமதிக்கப்படும் செயல் மற்றொரு பகுதியில் தண்டிக்கப்படுவதைச் சுட்டிக்காட்டி, தீர்ப்புகளைத் தொகுத்து ஒரு நெறிக்குக் கொண்டுவருமாறு வேண்டினார். சட்டம் என்பது ஆளுக்கு ஆள் மாறக் கூடாது என்ற கவலை அவருக்கு ஏட்டுக் கவலை அன்று.

ஹிஜ்ரி 140-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலீஃபா மன்ஸூருக்கு எதிராகக் கிளர்ந்து தோற்ற அவருடைய சிற்றப்பாவுக்காக இப்னுல் முகஃப்பா ஓர் அபய ஓலை எழுதிக் கொடுத்தார். கலீஃபா வாக்கு மீறினால் மக்கள் அவருக்குச் செய்த பைஅத்திலிருந்து விடுபடுவர் என்னும் அளவுக்கு அதன் வாசகம் இறுக்கமாக இருந்தது. அது அரசரின் சினத்தைக் கிளறியது. பஸ்ராவின் ஆளுநர் சுஃப்யான் இப்னு முஆவியாவின் இல்லத்துக்குள் சென்ற இப்னுல் முகஃப்பா திரும்பி வரவில்லை. விசாரணை இல்லை; காழி இல்லை; கொடிய முறையில் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை என்பர்.

இதன் பின்னர் நடந்ததாக இப்னு கல்லிகான் பதிவு செய்துள்ள செய்தி ஒன்று உண்டு. கொலையுண்டவருக்காக வழக்குக் கொண்டுவந்தவர்கள் ஆளுநரைக் கலீஃபாவின் முன் நிறுத்தினர். இப்னுல் முகஃப்பா அவ்வில்லத்துக்குள் சென்றதையும் வெளியே வராததையும் கண்ட சாட்சிகளும் வந்திருந்தனர். மன்ஸூர் சாட்சிகளைப் பார்த்து, உங்கள் சொல்லைக் கேட்டு இவரைக் கொன்ற பிறகு, இதோ எனக்குப் பின்னால் உள்ள இக்கதவைத் திறந்துகொண்டு இப்னுல் முகஃப்பா உயிரோடு வந்து நின்றால், உங்களை நான் என்ன செய்வது என்று வினவினார். சாட்சிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அரசரின் விருப்பம் எது என்பது அவர்களுக்கு விளங்கிற்று. தம் சாட்சியத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அவர்கள் வந்த வழியே போயினர்.